ரம்பொடைக் கணவாய்: அரிசி ஏறிய வழி, கோப்பி இறங்கிய வழி

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்தபோது சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக நான் உங்க முன்னால் வந்து நின்றால் போஷாக்கு, கிளினிக், பிள்ளை மடுவம், கொதித்து ஆறின தண்ணீர் என்றுதான் பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். நாம் பஸ் ஏறிப் போகிற பாதையின் கதையைச் சொல்லப் போகிறேன். கம்பளையிலிருந்து புசல்லாவை, தவலந்தென்ன, ரம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதை அது.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்னிடம் கேட்டது: "சார், இந்த ரோட்டை யார் போட்டாங்க?" புத்தகத்தில் இருக்கிற பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலில் வெள்ளைக்காரர் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன. அது பாதிப் பதில். மீதிப் பாதி நம்ம லயத்தில், நம்ம பாட்டிமார் வாயில் இருக்கிறது. அது எழுதப்படாமலே போய்விடக் கூடாது என்றுதான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

பொதிமாடு போன காலம்

கணவாய் என்றால் என்ன? இரண்டு மலைக்கு நடுவில், ஏறிக் கடக்கக் கூடிய தாழ்வான இடம். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமானால் மனிதனும் மாடும் அந்த இடத்தைத்தான் தேடிப் போவார்கள். கம்பளையிலிருந்து நுவரெலியா 4,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இந்த ஏற்றத்துக்கு நடுவில் இயற்கை விட்ட வாசல்தான் ரம்பொடைக் கணவாய். இந்தப் பாதை நுவரெலியாவோடு நிற்பதில்லை. பதுளைக்கு இறங்கி, மட்டக்களப்புப் பக்கம் செங்கலடி வரைக்கும் போகிறது.

தவலந்தென்ன என்று ஒரு சந்தி இருக்கிறது. தலவாக்கலைக்குத் திரும்புகிற இடம். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாராவது யோசித்தீர்களா? சிங்களத்தில் 'தவலம' என்றால் பொதிமாட்டுக் கூட்டம். 'தென்ன' என்றால் சமதரை. பொதிமாடுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிய தட்டு என்று அர்த்தம். அந்தச் சந்தியில் நாம் தேத்தண்ணீர் குடிக்க இறங்குகிறோம். பழைய காலத்து வியாபாரிகளும் அங்கேதான் இறங்கினார்கள்.

கண்டி ராசாக்கள் காலத்தில் மலைநாட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது. கரையோரத்தில் அந்நியர் இருந்தார்கள். பாதையை அகலமாக்கினால் அவர்களுடைய படையும் பீரங்கியும் ஏறி வந்துவிடும் என்று ராசாக்கள் ஒற்றையடிப் பாதையாகவே வைத்திருந்தார்கள். முக்கியமான இடங்களில் முள் கட்டிய கடவை போட்டுக் காவல் வைத்தார்கள். ஆனாலும் உப்பு இல்லாமல் சனம் எப்படி வாழும்? மலையில் உப்பு விளையாது. அதனால் கரையிலிருந்து உப்பு, கருவாடு, துணி எல்லாம் மாட்டு முதுகில் ஏறி வந்தன. பாக்கு, மிளகு போன்ற மலைச் சரக்குகள் இறங்கிப் போயின. இந்தத் தவல வியாபாரத்தில் பெரும் பங்கு முஸ்லிம் வியாபாரிகளுடையது. மாட்டின் இரண்டு பக்கமும் பொதி தொங்கும். மழை வந்தால் நின்று, வெயில் வந்தால் நடந்து போவார்கள்.

ஆக, இந்த வழிக்கு முதல் சொந்தக்காரர் ஒரு இனத்தார் அல்ல. சிங்களக் கிராமத்தார், முஸ்லிம் வியாபாரி, பிறகு நாம், எல்லாருடைய கால் தடமும் இதில் இருக்கிறது. பிள்ளைகள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

வண்டிப் பாதை வந்தது

1815ல் கண்டி இராச்சியம் வெள்ளைக்காரர் கைக்குப் போனது. அவர்கள் ராசாக்களுக்கு நேர் மாறாக நினைத்தார்கள். பாதை இருந்தால்தான் நாட்டைப் பிடித்து வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். எட்வேர்ட் பாண்ஸ் என்ற தேசாதிபதி 1820ல் கொழும்பு - கண்டிப் பாதையைத் தொடங்கினார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி எடுத்தார்கள். அந்தப் பாதையை அமைத்த டோசன் என்ற பொறியியலாளர் 1829ல் இறந்தார். அவருக்கு அங்கே ஒரு கோபுரம் நிற்கிறது. கண்டிக்குப் போகும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பாறையை உடைத்தவர்கள் யார்? பெரும்பாலும் இராசகாரிய முறையில் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட சிங்களக் கிராமத்து ஆட்கள். அவர்களுக்குக் கோபுரம் இல்லை. 1830களின் தொடக்கத்தில்தான் அந்தக் கட்டாய முறை ஒழிந்தது.

அதே பாண்ஸ் நுவரெலியாவில் பங்களா கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அந்த இடத்தில்தான் நிற்கிறது. வெயிலில் வாடிய வெள்ளைக்காரர் உடம்பு தேற்றிக்கொள்ள அங்கே போனார்கள். போகிற வழி ரம்பொடைக் கணவாய். உச்சியில் இருக்கிற ஊரை நாம் இன்றும் டொப்பாஸ் என்கிறோமே, அது கணவாயின் உச்சி என்பதற்கு இங்கிலீசில் வைத்த பெயர். அடியில் தவலந்தென்ன, உச்சியில் டொப்பாஸ். ஒரே ஏற்றத்தில் இரண்டு காலத்துப் பெயர்.

கோப்பி வந்த பிறகுதான் இந்த வழி வியாபார வழியாக முழுசாக மாறியது. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி போட்டார். அடுத்த 20, 30 வருஷத்தில் புசல்லாவை, கொத்மலை, ரம்பொடை எல்லாம் காடு வெட்டிக் கோப்பித் தோட்டமாகின. காட்டை வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் கண்டிச்சீமை என்று கேள்விப்பட்டுக் கடல் தாண்டி வந்த நம்ம முன்னோர்.

நடந்தே வந்தார்கள்

திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் மழை பொய்த்தது, கடன் ஏறியது, பஞ்சம் வந்தது. கங்காணி வந்து முன்பணம் கொடுத்தார். வீட்டோடும் ஊரோடும் புறப்பட்டார்கள். தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை வரைக்கும் நடை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு 100 மைலுக்கு மேலே. மாத்தளை வந்தால் கண்டி, கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, அதற்குப் பிறகு இந்த ஏற்றம்.

வறண்ட காட்டில் தண்ணீர் இல்லை. இருந்த தண்ணீரில் வாந்திபேதி. வைசூரி, காய்ச்சல் வேறு. நடக்க முடியாதவர் வழியிலேயே கிடந்தார். கூட்டம் நிற்காது. நின்றால் எல்லாரும் சாக வேண்டும். அப்படிப் போனவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. உயிரோடு மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கும் நமக்கும் இருக்கிற பந்தம் அந்தக் காலத்துப் பந்தம்.

சமவெளியில் பிறந்தவர்கள் அவர்கள். மலையையும் குளிரையும் இப்படிக் கண்டதில்லை. உடம்பில் ஒரு மெல்லிய துணி. கம்பளி தோட்டத்துக்குப் போன பிறகுதான் கடனுக்குக் கிடைக்கும். அந்த உடம்போடு ரம்பொடை அருவியைக் கடந்து, பனியிலும் தூறலிலும் ஏறினார்கள்.

கோப்பி வருஷம் பூராவும் வேலை கொடுக்கிற பயிர் அல்ல. பழம் எடுக்கிற காலத்துக்குத்தான் நிறைய ஆள் வேண்டும். அதனால் அறுவடை முடிந்ததும் பலர் திரும்பி ஊருக்கு நடந்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி வந்தார்கள். ஒருவர் தன் வாழ்நாளில் பல தடவை இந்த வழியை நடந்திருப்பார்.

அரிசி ஏறினால்தான் உலை கொதிக்கும்

இப்போது இந்த வழியின் முக்கியமான கணக்கைச் சொல்கிறேன். மலையில் நெல் விளைகிற இடம் கொஞ்சம். தோட்டத்தில் ஆள் அதிகம். அவர்களுக்கு வேண்டிய அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் கொழும்புக்கு வந்தது. கொழும்பிலிருந்து மாட்டு வண்டியில் ஏறி வந்தது. திரும்பிப் போகிற வண்டியில் கோப்பி மூட்டை இறங்கியது. மேலே அரிசி, கீழே கோப்பி. இந்த இரண்டும்தான் இந்தப் பாதையின் வியாபாரம்.

வண்டி ரோடு வரைக்கும் தோட்டத்திலிருந்து கோப்பி எப்படி வந்தது? நம்ம ஆட்கள் தலையில் வந்தது. திரும்பும்போது அதே தலையில் அரிசி மூட்டை ஏறியது. அரிசியைத் தோட்டம் கொடுக்கும், அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்கும். மழையில் பாதை உடைந்தால் வண்டி வராது. மாட்டுக்கு நோய் வந்தால் வண்டி வராது. வண்டி வராவிட்டால் கொழும்பில் துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் விழும். லயத்தில் உலை கொதிக்காது.

இந்தக் கணவாயைப் பற்றி ஒரு கதை அச்சில் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848ல் நுவரெலியாவில் குடியேற வந்தார். 1855ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அந்தப் பயணத்தை எழுதியிருக்கிறார். அவருடைய குதிரைக்காரன் பேர்க்ஸ் என்பவன் குதிரை வண்டியை இந்த ஏற்றத்தில் பள்ளத்தில் தள்ளிவிட்டான். அந்தப் பக்கத்தில் இருந்த ஒருவர் வண்டியைத் தூக்க நூறு ஆட்களுக்கு மேல் அனுப்பினார். பிறகு வண்டியை இழுக்க ஒரு யானையை இரவல் கொடுத்தார்கள். அவன் அந்த யானையையும் ஏற்றத்தில் ஓட ஓட விரட்டினான். யானை செத்துப் போனது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்க. குதிரைக்காரன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. யானை செத்த கதையும் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கி வண்டிக்குத் தோள் கொடுத்த அந்த நூறு பேரைப் பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? தூக்க அவர்களால் பிரயோசனம் இல்லை என்று அந்தக் குதிரைக்காரன் எழுதிய குறைதான் இருக்கிறது. ஒருத்தர் பெயரும் இல்லை. அவர்களில் நம்ம பாட்டன்மாரும் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ரயிலும் தேயிலையும்

மாட்டு வண்டி தாமதம், கூலி அதிகம் என்று தோட்டக்காரர் ரயில் கேட்டார்கள். கோப்பி ஏற்றுமதியில் வரி எடுத்து அந்தச் செலவுக்குச் சேர்த்தார்கள். கோப்பி யார் பறித்தது? ஆக, அந்த ரயில் பாதையில் நம்ம உழைப்பும் இருக்கிறது. 1867ல் கண்டிக்குக் கோச்சி வந்தது. 1874ல் நாவலப்பிட்டி, 1884ல் ஹற்றன், 1885ல் நானுஓயா. நானுஓயாவுக்கு ரயில் வந்ததும் ரம்பொடை ஏற்றத்தில் மாட்டு வண்டியின் ஆட்சி குறைந்தது.

அதற்குள் கோப்பியே இல்லாமல் போனது. 1869ல் இலையில் மஞ்சள் பொடி போல ஒரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பி ராச்சியம் விழுந்தது. 1867ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் அதற்கு முன்பே, 1840களில், இந்த ரம்பொடை வழியில் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர் சீனத் தேயிலைக் கன்று நட்டுப் பார்த்தார்கள். அது அப்போது வியாபாரமாக வளரவில்லை. இருந்தாலும் புசல்லாவை ஆட்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கோப்பியைக் கொழும்புக்கு அனுப்பிக் கடைசி வேலையை அங்கே செய்யலாம். கொழுந்து அப்படிக் காத்திருக்காது. பறித்த கொழுந்தைத் தோட்டத்துக்குள்ளேயே வாட்டி, அரைத்து, காயவைக்க வேண்டும். அதனால் ஸ்டோர் வந்தது. வருஷம் பூராவும் கொழுந்து வரும், அதனால் ஆளும் வருஷம் பூராவும் வேண்டும். கோப்பி நம்மை வந்து போகிறவர்களாக வைத்தது. தேயிலை நம்மைக் குடியிருக்க வைத்தது. லயம் ஊரானது. பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள்.

இறங்கிப் போனவர்கள்

1914ல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ரயிலோடு சேர்ந்த கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து அனுப்பினார்கள். கழுத்தில் தோட்டத்து நம்பர் அடித்த தகரத் துண்டு. காட்டு வழி நடை நின்றது, ஆனால் துண்டு நம்பர்தான் மனிதனுக்குப் பெயராக இருந்தது.

அந்த வழி ஏறுவதற்கு மட்டும் பயன்படவில்லை. 1948ல் நம்ம பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனது. 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்தியா 5,25,000 பேரை எடுக்கும், இலங்கை 3,00,000 பேரை எடுக்கும் என்று எழுதினார்கள். மனிதரைப் பங்கு போட்டார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. நானுஓயாவிலும் ஹற்றனிலும் கண்டியிலும் கோச்சிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைக் கண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். பாட்டன் ஏறி வந்த திசையிலேயே பேரன் இறங்கிப் போனான். தலைமன்னார், இராமேஸ்வரம், மண்டபம். போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள். 1984ல் கப்பல் நின்றது. இங்கே இருந்தவர்களில் விடுபட்டவர்களுக்கு 2003ல் வந்த சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்தது.

2023ல், வந்து 200 வருஷம் என்று நினைவுகூர்ந்து, ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு நடந்து வந்து சேர்ந்தார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், வடக்குத் தமிழர் எல்லாரும் கூட நடந்தார்கள், வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். முன்னோருக்கு அந்த வழியில் கிடைக்காதது அது.

இன்றைக்கும் அதே மலை

இப்போது ரம்பொடையில் 200 மீற்றருக்கு மேல் நீளமான சுரங்கப் பாதை இருக்கிறது. லொறி, பஸ், வேன் எல்லாம் ஓடுகின்றன. ஆனால் மலை மாறவில்லை. 2025 மே 11ஆம் திகதி இதே பாதையில் கெரண்டி எல்லயில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருஷம் நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாட்டில் பாதை, ரயில் தண்டவாளம் எல்லாம் பல இடங்களில் மண்சரிவில் போயின. பாதை போனால் கடைக்குச் சாமான் வருமா என்ற பயத்தை நீங்களும் கண்டீர்கள். அரிசி வண்டியை எதிர்பார்த்து நின்ற பாட்டியின் பயமும் அதுதான்.

அதனால் நான் இரண்டு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, பாதையை மதியுங்கள். மதகில் குப்பை போடாதீர்கள். தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் அது பாதையை அறுத்துக்கொண்டு போகும். லயத்துக்கு மேலே மண் வெடித்திருந்தால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் உடனே தோட்டத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். இரவு மழையில் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இரண்டாவது, பெயரை எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு கொப்பி போதும். பாட்டன் பாட்டி எந்த ஊர், எந்த ஜில்லா, எந்தக் கங்காணியோடு வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டம், யார் யார் இந்தியாவுக்குத் திரும்பினார்கள், அவர்கள் இப்போது எங்கே? பிள்ளைகள் கேளுங்கள், பெரியவர்கள் சொல்லுங்கள். தெரியாததற்கு இடம் விட்டு எழுதுங்கள், நாளைக்கு இன்னொருவர் நிரப்பலாம். தகரப் பெட்டிக்குள் கிடக்கிற பழைய பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய பாஸ்போட், கடிதம், துண்டு எதையும் எறியாதீர்கள். ஈரம் படாமல் பொலித்தீன் உறையில் வையுங்கள். மழை நாளில் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் கையில் எடுக்கிற முதல் பொருள் அந்த உறையாக இருக்கட்டும். போட்டோ பிரதி ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். தரகர் யார் கேட்டாலும் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

பாதை போட்ட அதிகாரிக்குக் கோபுரம் இருக்கிறது. பாரம் சுமந்தவர்களின் பிள்ளைகளில் பலருக்கு இந்த வழியோரத்தில் சொந்தம் என்று சொல்ல இன்னும் ஒரு பேர்ச் மண் இல்லை. அதைக் கேட்கிற நாளில், நாங்கள் யார், எப்போது வந்தோம், என்ன செய்தோம் என்று நாமே சொல்ல வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு கொப்பி இருக்கட்டும்.

அந்தக் கொப்பியை நிரப்பிக்கொண்டு வருகிற பிள்ளைகளுடைய பக்கங்களை வாசிகசாலைச் சுவரில் ஒட்டி வைப்போம். எழுதத் தெரியாத பெரியவர்கள் என்னிடம் வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.